ரைபிள் மக்கர் செய்தால் குற்றவாளி யார்?

துப்பாக்கி புதியது. தோட்டாவும் நல்ல தோட்டா. சுடுகிறவரோ குறி தவறாதவர். ஆனாலும் விசையை இழுத்தால் 'கிளிக்' என்ற ஓசைதான் வருகிறது; குண்டு பாயவில்லை!

இப்படி நேர்ந்தால் அனுபவமுள்ள ஆர்மரர் எடுத்த எடுப்பில் ரைபிளைப் பிரித்துப் போடமாட்டார். அடியில் செருகியிருக்கும் மேகசினைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பார்.

நான்கே உறுப்புகள்

தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிதான் மேகசின். வெளி உறை, ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்து தோட்டாக்களைத் தாங்கும் தட்டு, அடிமூடி - இவ்வளவுதான். வாயின் இருபுறமும் உள்நோக்கி வளைந்த விளிம்புகளுக்கு 'உதடு' என்று பெயர். ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளும். அது துள்ளி வெளியே விழாமல் உதடுகள் பிடித்துக் கொள்ளும். போல்ட் முன்னே பாயும்போது மேல் தோட்டாவை மட்டும் தள்ளிக்கொண்டு போய்க் குழலில் சேர்க்கும்.

உறை சற்று நசுங்கினாலும் தட்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா நேரத்துக்கு மேலே வராது. உதடு விரிந்தால் தோட்டா அளவுக்கு மீறி எழும்பும். இறுகினால் வெளியே வராது.

போலீசாரின் பழைய தோழன்

'த்ரீ-நாட்-த்ரீ' ரைபிளை அறியாத போலீஸ்காரர் இல்லை. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் அதற்கு விடை கொடுத்தது. அதன் மேகசினில் 10 தோட்டாக்கள் அடங்கும். தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், போல்ட் நகராது. ஒரு ரைபிளுக்குப் பொருந்திய மேகசின் மற்றொன்றில் தகராறு செய்வதும் உண்டு.

ஒன்று போலிருக்கும், ஒன்றல்ல!

வேறு தொழிற்சாலையின் மேகசினை மாட்டும்போது வரும் தொல்லைக்கு பெல்ஜியத்தில் பிறந்த எப்.ஏ.எல். ரைபிள் நல்ல உதாரணம். நமது ராணுவம் பல்லாண்டு காலம் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பெல்ஜியத்தில் அதை மில்லிமீட்டர் கணக்கில் செய்தார்கள். பிரிட்டனில் அங்குலக் கணக்கில் செய்தார்கள். தோட்டா ஒன்றேதான். ஆனால் அங்குல மேகசினின் முன்புறக் கொக்கி பெரியது. மில்லிமீட்டர் ரைபிளில் ஏறாது. மில்லிமீட்டர் மேகசின் அங்குல ரைபிளில் ஏறும்; ஆனால் ஆடும். ஆடினால் தோட்டா ஏறும் கோணம் மாறும். பிறகு சிக்கல்தான்.

கார்கில் குளிரில்

1999 கார்கில் போரில் ஜவான்கள் கையில் இருந்தது இன்சாஸ் ரைபிள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூரிலும் நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் உருவானது. 20 தோட்டா கொள்ளும் அதன் மேகசின் பிளாஸ்டிக்கால் ஆனது. எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும், எடையும் குறைவு. ஆனால் பனிமலைக் குளிரில் மேகசின்கள் விரிசல் விட்டன என்று புகார்கள் வந்தன. கடுங்குளிரில் பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மையை அடையும்.  எதிரி எதிரே நிற்கும்போது உதடு உடைந்த மேகசின் வெறும் டப்பாதான்!

கண்டுபிடிப்பது எப்படி?

ஆர்மரர்களின் முறை எளிது. ஒவ்வொரு மேகசினுக்கும் ஓர் எண் இடுவார்கள். கோளாறு வந்தால் அதே மேகசினை வேறு ரைபிளில் மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறு கூடவே போனால் குற்றம் மேகசின் மேல். போகாவிட்டால் ரைபிள் மேல்.

அடுத்து, காலி மேகசினின் தட்டை விரலால் அழுத்தி விடுவார்கள். அது எங்கும் தயங்காமல் மேலே வரவேண்டும். தயங்கினால் உள்ளே அழுக்கோ நசுங்கலோ இருக்கிறது. பிரித்துத் துடைத்து, உலர்ந்த நிலையில் பூட்டுவார்கள். வழவழப்பாக ஓடட்டும் என்று உள்ளே எண்ணெயை ஊற்றுவது தவறு. எண்ணெய் தூசியை இழுத்துச் சேற்றைப்போல் அப்பிக்கொள்ளும். இறுதியில் வெடிக்காத போலித் தோட்டாக்களை நிரப்பி ஓட்டிப் பார்ப்பார்கள்.

உதட்டை இடுக்கியால் வளைப்பதும், அரத்தால் ராவுவதும் கைதேர்ந்தவர் வேலை. லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும் ஆகும். திருந்தாத மேகசினைத் தனியே ஒதுக்குவதே விவேகம். நல்லவற்றோடு கலந்துவிட்டால், அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்று யார் சொல்ல முடியும்?

வாங்குகிற அதிகாரி விலையைப் பார்க்கலாம். மலையுச்சியில் நிற்கும் ஜவானுக்கோ அந்தச் சின்ன ஸ்பிரிங்கில்தான் உயிர் இருக்கிறது.