காட்டுக்குள் கஞ்சா: செடியை எண்ணும் சட்டம்

2015-ல் ஆறு மாசம் ஆன்சைட் வேலையா கலிஃபோர்னியா போயிருந்தேன். ஒரு லாங் வீக்கெண்ட்ல டீமில் நாலு பேர் சேர்ந்து ஷாஸ்டா-டிரினிட்டி தேசிய வனத்துக்கு டிரெக்கிங் போனோம். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. கரடி எதிரே வந்தால் என்ன செய்யணும்னு போட்டிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதுக்குக் கீழே இன்னொரு தாள்: காட்டுக்குள் கறுப்பு பிளாஸ்டிக் குழாய், உரமூட்டை, ஆள் தங்கிய தடயம் எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பி, வெளியே போய்த் தகவல் சொல்லுங்கள். கரடியைப் பார்த்தா சத்தம் போடணுமாம், குழாயைப் பார்த்தா போடக் கூடாதாம்.

அந்தத் தாள்தான் இந்தப் பதிவுக்கு விதை. பொது நிலத்தில் கஞ்சா பயிரிட்டால் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வருஷக்கணக்கா ஒரு குரல் இருக்கு. முதலில் கேட்டபோது, 'போதைப்பொருள்னா எல்லா அரசியல்வாதியும் சொல்றதுதானே' என்று நினைத்தேன். சட்டப் பிரிவுகளை உட்கார்ந்து படித்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது.

'அங்கேதான் கஞ்சாவைக் கடையிலேயே விக்கிறாங்களே, அப்புறம் எதுக்குக் காட்டுக்குள்ள?' என்று கேட்பீர்கள். கடையில் விற்பது மாநிலச் சட்டப்படி. அதற்கு லைசென்ஸ் வேண்டும், வரி கட்டணும், பரிசோதனைக்கூடத்தில் பாஸாகணும், வெளி மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது. தேசிய வனம் மத்திய அரசின் நிலம், அங்கே எப்போதும் குற்றம். ஆனால் நிலமும் தண்ணீரும் இலவசம். அமெரிக்க வனத்துறையின் கையில் இருப்பது சுமார் 193 மில்லியன் ஏக்கர். யார் போய் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பது?

வேலை நடக்கும் விதம் எளிது. மலைச்சரிவில் ஒரு ஊற்றைப் பிடிப்பார்கள். அதற்கு அணை கட்டி, குழாய் போட்டு, மோட்டார் இல்லாமல் சரிவிலேயே தண்ணீரைக் கீழே இறக்கி, சொட்டு நீராகச் செடிக்கு விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியில் உள்ள புதரை மட்டும் வெட்டுவார்கள். வசந்தத்தில் நட்டு இலையுதிர் காலத்தில் அறுவடை. அதுவரை சில ஆட்கள் அங்கேயே தங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டும். 2009 ஆகஸ்டில் லாஸ் பாட்ரெஸ் தேசிய வனத்தில் இப்படி ஒரு முகாமின் அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, ஏறக்குறைய 90,000 ஏக்கரை எரித்தது. லா பிரேயா தீ என்று அதற்குப் பெயர்.

தீ கண்ணுக்குத் தெரியும். தெரியாதது விஷம்.

காட்டு எலிக்கு இளம் கஞ்சாச் செடியும் பிளாஸ்டிக் குழாயும் இரண்டுமே பிடிக்கும், கடித்துவிடும். அதனால் செடியைச் சுற்றி எலிமருந்து போடுகிறார்கள். இவை ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்துகள். எலி உடனே சாகாது, சில நாள் உடம்பில் விஷத்தோடு திரியும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துத் தின்னும் பிராணிக்கும் அதே கதி. ஃபிஷர் என்று ஒரு விலங்கு, பெயர்தான் அப்படி, மீன் பிடிக்காது. பார்க்க நம்ம கீரி மாதிரி, உருவத்தில் பெரிசு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் நீலகிரி மார்டனுக்குத் தூரத்துச் சொந்தம். முராத் கேப்ரியல் என்ற சூழலியலாளரும் அவர் குழுவும் கலிஃபோர்னியாவில் செத்துக் கிடந்த 58 ஃபிஷர்களைச் சோதித்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 46-ன் உடம்பில் எலிமருந்து, அதாவது 79 சதவீதம். வயலோ வீடோ இல்லாத நடுக்காட்டில் வாழும் பிராணிக்கு எலிமருந்து எங்கிருந்து வரும்? தேடிப் போனதில் கஞ்சாத் தோட்டங்களில் போய் நின்றது. 2014-ல் யாரோ கேப்ரியல் வீட்டு நாய்க்கு எலிமருந்து கலந்த இறைச்சியைப் போட்டுக் கொன்றார்கள்.

அடுத்து கார்போஃபியூரான். இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் ஃபுராடான் என்றால் டெல்டா விவசாயிகளுக்குத் தெரியும். எங்க தாத்தா நாற்றங்காலுக்குக் குருணை போட்டுவிட்டு வந்தால் கையை மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார், எங்களைக் கிட்டவே விட மாட்டார். உணவுப் பயிரில் அது துளிகூட இருக்கக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2009-ல் அனுமதிகளை ரத்து செய்துவிட்டது. அதே மருந்தின் திரவ வடிவம் இந்தத் தோட்டங்களில், குளிர்பான பாட்டில்களில் லேபிள் இல்லாமல் கிடக்கிறது. ஊற்றுத் தண்ணீருக்குப் பக்கத்தில்.

இப்ப சட்டத்துக்கு வருவோம். அமெரிக்க மத்தியச் சட்டத் தொகுப்பு, தலைப்பு 21, பிரிவு 841. ஆயிரம் கஞ்சாச் செடி அல்லது அதற்கு மேல் என்றால் குறைந்தபட்சம் 10 வருஷம், அதிகபட்சம் ஆயுள். நூறு செடி என்றால் குறைந்தபட்சம் 5, அதிகபட்சம் 40. அரசு நிலத்தில் பொறி, கண்ணி வைத்தால் முதல் தடவைக்கு 10 வருஷம் வரை. அதே பிரிவில் 841(பி)(6) என்று ஓர் உட்பிரிவு: அரசு நிலத்தில் பயிரிடும்போது தெரிந்தே விஷத்தைப் பயன்படுத்தி, மனிதருக்கோ விலங்குக்கோ பெரிய ஆபத்தை உண்டாக்கினாலோ, ஓடையை, ஊற்றை, நிலத்தடி நீரை மாசுபடுத்தினாலோ, அதிகபட்சம் 5 வருஷம்.

நான் ரெண்டு தடவை படித்தேன். ஆயிரம் செடி நட்டால் *குறைந்தபட்சம்* 10. ஊற்றில் விஷம் கலந்தால் *அதிகபட்சம்* 5. செடியை வெட்டினால் போச்சு. விஷம் அப்படியா?

நடைமுறையில் இன்னும் மோசம். செடியை எண்ணுவது சுலபம், ஒரு போலீஸ்காரர் நின்ற இடத்தில் எண்ணிவிடுவார். விஷத்தை நிரூபிக்க மாதிரி எடுக்கணும், ஆய்வகம் வேண்டும், இந்த ஆள்தான் தெரிந்தே போட்டான் என்று காட்டணும். அரசு வக்கீல் எந்தப் பக்கம் போவார்? எங்க ஆபீஸ்ல எத்தனை வரி கோட் எழுதினேன்னு கணக்கு பார்த்த மேனேஜர் ஒருத்தர் இருந்தார். எண்ண முடிவதை எண்ணுவது எல்லா ஊரிலும் உண்டு.

மாநிலச் சட்டம் எதிர்த் திசையில் போனது. கலிஃபோர்னியாவில் 2016 நவம்பரில் நிறைவேறிய 64-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு, வயது வந்தவர் ஆறு செடிக்கு மேல் அனுமதி இல்லாமல் வளர்த்தால் பொதுவாகச் சிறு குற்றம்தான், ஆறு மாசம் வரை சிறை. ஏழு செடிக்கும் அதுதான், ஏழாயிரத்துக்கும் அதுதான். ஆனால் நீர், வனவிலங்குச் சட்டங்களை மீறியிருந்தால் பெரிய குற்றமாக வழக்குப் போட வழி விட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்த இடத்தில் மாநிலச் சட்டம்தான் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. அது செடியை விட்டுவிட்டுச் சேதத்தைப் பார்க்கிறது.

மத்தியிலும் முயற்சி இல்லாமல் இல்லை. வட கலிஃபோர்னியாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜாரெட் ஹஃப்மன் 2013-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அத்துமீறிய நிலத்தில் பயிரிட்டுச் சூழலைக் கெடுப்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும்படி சென்டென்சிங் கமிஷனைக் கேட்பது அதன் சாரம். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் கமிஷன் 2014 நவம்பர் 1 முதல் தன் வழிகாட்டு நெறியில் ஒரு திருத்தம் செய்தது: அரசு நிலத்தில் பயிரிட்டால் தண்டனைக் கணக்கில் இரண்டு நிலை கூடும். கூடவே ஒரு நிபந்தனை, அந்த ஆள் அந்தக் கும்பலில் தலைமை அல்லது மேற்பார்வைப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை எழுதியவருக்கு யார் மாட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. ரெய்டில் அகப்படுவது பெரும்பாலும் தண்ணி பாய்ச்சுகிறவர்கள். பலர் மெக்சிகோவிலிருந்து ஆவணம் இல்லாமல் வந்த கூலிகள். பணம் போட்ட முதலாளி காட்டுப் பக்கமே வருவதில்லை, அவன் உண்மைப் பெயர்கூடக் கூலிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காக 'சேஃப்டி வால்வ்' என்று ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய குற்றம் பெரிசா இல்லை, துப்பாக்கி இல்லை, தலைவன் இல்லை, தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டான் என்றால் நீதிபதி 10 வருஷத்துக்குக் கீழே இறங்கலாம். ஆனால் காவலுக்கு ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அதனால் 10-ஐ 20 ஆக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டேனியல் நேகின் போன்ற குற்றவியல் ஆய்வாளர்கள் சொல்வதும் இதுதான்: எத்தனை வருஷம் என்பதைவிட, மாட்டுவோமா மாட்ட மாட்டோமா என்பதுதான் ஆளைத் தடுக்கும். பத்து வருஷமா இருபது வருஷமா என்று கணக்குப் போடும் நிலையில் அந்தக் கூலி இல்லை. கணக்குப் போடுகிறவன் மாட்டுவதில்லை. ஆனால் அந்த 5 வருஷத்தைக் கூட்டச் சொன்னால் நான் கை தூக்குவேன். ஒரே ஒரு தோட்டத்தில் விஷ மாதிரி எடுக்க ஆளும் பணமும் கொடுத்து, குழாய், உரம், மருந்து வாங்கிய கணக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் இன்னும் நல்லது.

இன்னொன்று, ரெய்டு முடிந்த பிறகு என்ன ஆகிறது? செடியை வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். குழாயும் குப்பையும் மருந்து பாட்டிலும் பல இடங்களில் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன. அழிப்பதற்கு ஒரு நிதி, சுத்தம் செய்வதற்கு வேறு நிதி, பின்னது எப்போதும் பற்றாக்குறை. குழாய் அப்படியே இருப்பதால் அடுத்த பருவத்தில் வேறொரு கும்பல் அதே இடத்துக்கு வருவதும் உண்டு. சுத்தம் செய்யும் செலவைக் குற்றவாளியே கட்டணும்னு நீதிமன்றம் உத்தரவு போடுகிறது. மலையில் அரிசியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதை எங்கிருந்து கட்டுவான்?

சேஃப்டி வால்வ் விதி 2018-ல் மாறிய கதை ஒன்று இருக்கு, அது நீளம். தனிப் பதிவாகப் போடறேன்.