கரைந்த கொழுப்பு எங்கே போகிறது, தெரியுமா?

ஒருவருக்கு 10 கிலோ கொழுப்பு கரைகிறது. அது எந்த வழியாக உடம்பை விட்டுப் போகிறது, தெரியுமா? வியர்வையில் என்பார்கள் சிலர். மலத்தில் என்பார்கள் சிலர். “எரிஞ்சு எனர்ஜியா போயிடுச்சு சார்” என்று ஜிம் மாஸ்டர் அடித்துச் சொல்வார். சக்தி கிடைத்தது சரி, அந்த 10 கிலோ எடை எங்கே? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகி மூச்சுக்காற்றில் போய்விடுகிறது! மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. எடை குறைத்த ஒவ்வொருவரும் கரைந்த கொழுப்பில் பெரும்பங்கை மூக்கு வழியாகவே வெளியேற்றியிருக்கிறார்கள்! வேகவேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமா என்றால், முடியாது. தலைதான் சுற்றும். உடம்பு சேமிப்பில் கை வைத்தால்தான் அந்தக் கார்பன் வெளியே வரும்.

அந்தச் சேமிப்பில் கை வைப்பது உடம்புக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்பதுதான் அடுத்த ஆச்சரியம். கொழுப்பு சும்மா தொங்கிக் கிடக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது யார்? கொழுப்புச் செல்களேதான்! “கையிருப்பு இவ்வளவு இருக்கிறது” என்று மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எடை இறங்கினால் லெப்டினும் இறங்கும். உடனே மூளை பசியைக் கிளப்பிவிடும். “வாயைக் கட்ட வேண்டியதுதானே” என்று அடுத்தவரைப் பார்த்து எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

வாயைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் பரிசோதித்தே பார்த்தார். ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்பங்கு போயிற்று. அத்தோடு வேறொன்றும் நடந்தது. எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு! அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், ராத்திரிக் கனவிலும் சோறு வந்தது. இவர்கள் மனவுறுதி இல்லாதவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? நாடே போருக்குக் கிளம்பியபோது, கொலை செய்யமாட்டோம் என்று கொள்கைக்காகத் தனியே நின்றவர்கள் அவர்கள்! பட்டினி டயட்டில் இறங்கி மூன்றாம் வாரம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வதற்கு முன் இந்த 36 பேரை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, பசியை ஏமாற்றவே முடியாதா? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பரிசோதனை வருகிறது. இரைப்பை கிரெலின் என்று ஒரு பசி ஹார்மோனைச் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. சாப்பிடாத நேரத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். யேல் பல்கலைக்கழகத்தில் ஆலியா கிரம் 46 பேருக்கு மில்க் ஷேக் கொடுத்தார். ஒரு தடவை கொடுத்ததன் லேபிளில், கிரீமும் இனிப்பும் வழிகிற 620 கலோரி விருந்து என்று எழுதியிருந்தது. இன்னொரு தடவை கொடுத்ததில், கொழுப்பில்லாத 140 கலோரி பத்திய பானம் என்று இருந்தது. உள்ளே இருந்தது? இரண்டிலும் ஒரே 380 கலோரி ஷேக்! ரத்தக்குழாயில் ஊசி வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். விருந்து என்று நம்பிக் குடித்தபோது கிரெலின் சரசரவென்று இறங்கியது, ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுதலாக. பத்தியம் என்று நினைத்துக் குடித்தபோது பெரிதாக அசையவில்லை. வயிற்றுக்குள் போனது ஒன்றுதான், வயிறு கேட்டது லேபிளை!

2011-இல் வெளிவந்த சிறிய ஆய்வு இது. ஆனாலும் “ஐயோ, இன்றைக்கும் இந்த டயட் சாப்பாடா” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. சுரைக்காய்க் கூட்டையும் தாளித்து, ஒரு கொத்து மல்லித்தழை கிள்ளிப் போட்டு, நல்ல தட்டில் வைத்து, விருந்தாகவே சாப்பிடுங்கள்!

இன்னொன்று தெரியுமா? வயிறு நிறைந்ததா என்று முடிவு செய்வதில் ஞாபகத்துக்கும் பங்கு உண்டு! 1998-இல் உளவியல் அறிஞர் பால் ரோசின் குழு, புதிதாக நடந்த எதுவும் நினைவில் நிற்காத இரண்டு நோயாளிகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிட்டு, பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் இன்னொரு முழுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள்! மூன்றாவது சாப்பாடு வந்தபோதும் கை வைத்தார்கள்! சாப்பிட்ட நினைவு இல்லாதபோது, நிறைந்த வயிறு மட்டும் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை.

ஞாபகம் நன்றாக இருக்கிற நமக்கு இதில் என்ன? பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சுசேன் ஹிக்ஸ் ஆராய்ந்து பார்த்தார். அன்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னவர்கள் அதன்பின் கொறித்தது குறைந்தது. டிவி பார்த்துக்கொண்டே மதியம் சாப்பிட்டவர்கள் பிற்பகலில் கூடுதலாகக் கொறித்தார்கள். இப்போது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். இடது கையில் போன், கட்டை விரல் வீடியோவைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வலது கை தானாகப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகிறது. குழம்பு என்ன குழம்பு என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்! நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடாமல் என்ன செய்வார்கள்?

பந்தியில் “ஒரு பருக்கைகூட இறங்காது” என்று கையெடுத்துக் கும்பிட்டவர், பாயசம் வந்ததும் இலையில் இடம் ஒதுக்குகிறாரே, அதற்கும் காரணம் உண்டு. ஒரே ருசி சலிக்கும், புது ருசி பசியைத் திரும்ப எழுப்பும். பார்பரா ரோல்ஸ் குழு நடத்திய ஆய்வில், நாலு வகை சாண்ட்விச் வைத்தபோது, ஒரே வகை வைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இதையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். காய்கறியில் நாலு வகை வையுங்கள், சோறு ஒன்றே போதும்.

பாக்கெட் தீனியின் ஜாலமோ பயமுறுத்துகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நாலு வாரம் அங்கேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத சாதாரண உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு வாரங்களில் ஆளுக்குத் தினமும் சுமார் 500 கலோரி கூடப் போனது, இரண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது! மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. ருசியில் பெரிய வித்தியாசமில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் தொழிற்சாலை உணவை வேகமாகச் சாப்பிட்டார்கள். மெல்ல அதிகம் வேலை இல்லாத உணவு, மூளைக்குச் சேதி போவதற்குள் உள்ளே போய்விடுகிறது.

எடை கூட்டும் என்று பலர் ஒதுக்கிவைக்கும் உருளைக்கிழங்கு பற்றித் தெரியுமா? சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் 1995-இல் 38 உணவுகளைச் சமமான கலோரியில் கொடுத்து, எது வயிற்றை எவ்வளவு திருப்தியாக வைக்கிறது என்று மதிப்பெண் போட்டார். வெள்ளை ரொட்டிக்கு 100. வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323! பட்டியலில் முதலிடம்! எண்ணெயில் போட்டு சிப்ஸாக எடுத்தால் இந்தப் பெருமை எல்லாம் போய்விடும்.

நம்மவர்கள் எல்லோரும் கட்டாயம் பார்க்க வேண்டிய புகைப்படம் ஒன்று 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! இந்திய உடல்வாகில் ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் உள்ளே கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அதனால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தொட்டாலே கூடுதல் எடை என்று வைத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. எடை மெஷினைவிட, தையல்காரரின் டேப்பை நான் அதிகம் நம்புவேன்.

சாப்பிடும் வரிசையில்கூட விஷயம் இருக்கிறது! நியூயார்க்கில் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியும் கறியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று சாப்பிட்டபோது ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. நம் தட்டில் சோறு மலைபோல நடுவில், பொரியல் ஒரு கரண்டி ஓரத்தில்! இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2025-இல் சொன்னது. பொரியலை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்கு வருவதில் காசு செலவே கிடையாது.

தூக்கம்? சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டே இரவு, நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. ராத்திரி கண் விழித்தவர் மறுநாள் பஜ்ஜி கடையைத் தாண்ட முடியாமல் நிற்பது இதனால்தான்!

கடைசியாக, 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இந்த மாதிரி. அது தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை கணக்குக் காட்டியது! இன்னொன்றும் கண்டுபிடித்தார். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் ஊன்றுவதில் பெரிய பாதிப்பு இல்லை. கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி கூடப் போய்விட்டது, “எல்லாம் போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்” என்கிறவர்களே, திங்கட்கிழமை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அன்று ராத்திரியே ஒரு சாப்பாடு இருக்கிறதே!