கரிசல் நிலத்தில் மழையும் தெய்வமும்: கடவுள் நம்பிக்கையின் அடிப்படை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் கடவுளை நம்பத் தலைப்படுவதற்கு அச்சமும் நிச்சயமின்மையுமே காரணம் என்பது பரவலான விளக்கம். கோவில்பட்டியை உள்ளடக்கிய கரிசல் பகுதியின் மழைச் சடங்குகளையும் அதனை அடுத்த நிலப்பகுதியின் நல்லதங்காள் வழிபாட்டையும் சான்றாகக் கொண்டு இவ்விளக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. துன்பத்திற்கு அறம் சார்ந்த காரணம் தேடும் மனப்பாங்கும் இந்நம்பிக்கைக்கு அடிப்படையாகிறது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கரிசல், மானாவாரி, கொடும்பாவி, மாரியம்மன், நல்லதங்காள்

முன்னுரை

தொடக்ககாலச் சமய உணர்வு இயற்கையை வியந்ததால் பிறந்ததன்று. வாழ்வின் நிகழ்வுகள் குறித்த அச்சத்தாலும் எதிர்பார்ப்பாலும் பிறந்தது என 1757இல் டேவிட் ஹியூம் எழுதினார். 1925இல் மாலினோவ்ஸ்கி இதற்கு இணையான களச்சான்றை முன்வைத்தார். டிரோபிரியண்ட் தீவுகளில் அமைதியான காயலில் மீன்பிடிப்போர் மந்திரச் சடங்குகளை நாடுவதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலில் மீன்பிடிப்போர் அவற்றை விரிவாகச் செய்கின்றனர். மனித அறிவும் திறனும் எட்டாத இடத்தில் சடங்கு தொடங்குகிறது என்பது அவர் முடிவு.

மானாவாரியும் நிச்சயமின்மையும்

கரிசல் நிலம் இக்கருத்தைச் சோதிக்க ஏற்ற களம். இங்குப் பெரும்பான்மை வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியவற்றின் விளைச்சல் சில வார மழையால் முடிவாகிறது. பருவம் தொடங்கும் முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில், விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. முன்பருவ விதைப்பு, விதைக் கடினப்படுத்துதல் போன்ற நுட்பங்கள் ஆபத்தைக் குறைக்கின்றனவே தவிர நீக்குவதில்லை. உழவர் இந்நுட்பங்களையும் கைக்கொள்கின்றனர். மழைத் தெய்வத்தையும் வேண்டுகின்றனர். ஆகவே வழிபாடு அறியாமையின் விளைவு என்று கொள்ள இயலாது. இதுவரை மாலினோவ்ஸ்கியின் விளக்கம் பொருந்துகிறது.

கொடும்பாவி: அறம் சார்ந்த காரணம்

மழை பொய்க்கும்போது நிகழும் கொடும்பாவிச் சடங்கு இவ்விளக்கத்திற்குள் முழுமையாக அடங்குவதில்லை. வைக்கோலாலோ மண்ணாலோ செய்த உருவம் தெருக்களில் இழுத்துச் செல்லப்படுகிறது. பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கின்றனர். இறுதியில் உருவம் இறந்தோர்க்குரிய முறையில் ஊருக்கு வெளியே அகற்றப்படுகிறது. மழையை வருவிப்பது மட்டுமே நோக்கமாயின் தெய்வத்திற்குப் படையல் போதுமானது. பாவி ஒருவர் தேவையில்லை. இச்சடங்கோ, யாரோ செய்த பாவமே வறட்சிக்குக் காரணம் என்று கொண்டு, அப்பாவத்தை உருவாக்கி, அழுது, அகற்றுகிறது.

மன்னன் முறை தவறினால் மழையும் தவறும் என்னும் கருத்து திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்திலும் உண்டு. இயற்கை நிகழ்வுக்குப் பின்னால் ஒரு செயலாளி இருப்பதாக உணரும் மிகை விழிப்பு மனித மனத்தின் இயல்பு என ஜஸ்டின் பாரெட் போன்ற அறிதல் உளவியலாளர் கருதுகின்றனர். புதர் அசைந்தால் காற்று என்று கருதாமல் விலங்கென்று ஐயுறுவது உயிர்காக்கும் என்பது அவர்களின் வாதம். கரிசல் சான்றுகள் இதனுடன் ஒன்றைச் சேர்க்கின்றன: மனம் தேடுவது வெறும் செயலாளியை அன்று; கணக்குக் கேட்கும் செயலாளியை.

நல்லதங்காள்: மறுக்கப்பட்ட சோறு

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உள்ளது. பஞ்சத்தால் ஏழு குழந்தைகளுடன் பிறந்தகம் வந்தவள், அண்ணன் மனைவி சோறிட மறுக்க, குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் மாய்ந்தாள் என்பது கதை. இங்கு வழிபடப்படுபவள் பஞ்சத்தை ஏவியவளோ மழையைத் தந்தவளோ அல்லள், பஞ்சத்தில் கைவிடப்பட்டவள். இவ்வழிபாட்டை அச்சத்தால் மட்டும் விளக்க இயலாது. இழைத்த அநீதிக்கு ஊர் செலுத்தும் கடனாகவும் இதனைக் கொள்ளலாம்.

மாரியம்மன்: அச்சம் நீங்கிய பின்

மாரியம்மன் மழையோடும் அம்மை நோயோடும் இணைத்து வழிபடப்படும் தெய்வம். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அச்சமே நம்பிக்கையின் வேர் எனின், அதன்பின் வழிபாடு தளர்ந்திருக்க வேண்டும். ஆனால் சாத்தூரை அடுத்த இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளியன்று மக்கள் இன்றும் பெருந்திரளாகக் கூடுகின்றனர். தொடக்கக் காரணம் மறைந்த பின்னும், நேர்த்திக்கடன் என்னும் கொடுக்கல் வாங்கல் உறவு குடும்பங்கள் வழியே தொடர்கிறது.

முடிவுரை

நிச்சயமின்மை மனிதரைத் தெய்வத்தை நோக்கித் திருப்புகிறது. அத்தெய்வம் எத்தகையது என்பதை அறவுணர்வு வடிவமைக்கிறது. இவ்விளக்கம் கடவுள் உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு விடையாகாது. ஆயினும் மழைச் சடங்குகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும், பழம்பெருமை எனப் போற்றுவதும் போதாதவை என்பது புலனாகும். ஓர் ஊர் தன் குற்றவுணர்வையும் நீதி வேட்கையையும் வெளிப்படுத்தும் மொழியாக அவற்றை வாசிக்கும்போதே, பஞ்சத்தில் யார் கைவிடப்பட்டனர் என்னும் வரலாற்று வினாவும் ஆய்வுக்குள் வரும்.