டென்டல் சேருக்கு முன்னால் வாங்க வேண்டியவை

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போய்வந்த பத்துப் பேர், மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் நோய்க்கு ஆளானார்கள். 2023-ல் வெளிச்சத்துக்கு வந்த அந்தச் சம்பவத்தில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை நிறுவனமும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து காரணத்தைத் தேடினார்கள். அந்த ஆய்வு 2025-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது. தேடல் கடைசியில் போய் நின்ற இடம் ஒரு சலைன் பாட்டில். ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, மிச்சத்தைப் பஞ்சால் அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும், கிளினிக் திறக்கும் இளம் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் டென்டல் சேரிலிருந்துதான் கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். எந்த நிறம், எத்தனை மோட்டார், எல்.இ.டி. விளக்கா, கேமரா உண்டா என்று கண்காட்சிகளில் சுற்றுகிறார்கள். நகையை அடகு வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கருவிகளை ஆவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் தண்ணீர் வசதியும் உரிமங்களும் 'மிச்சம் இருந்தால் பார்க்கலாம்' என்று கடைசிக்குப் போய்விடும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நோயாளியின் வாய்க்குள் போகும் தண்ணீர், காற்று, கருவி ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். மீதியில் சேர் வாங்குங்கள்.

டைல்ஸ் ஒட்டும் முன்

சேரின் காலடியில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்சார வயர் நான்கும் தரைக்கு அடியில் வந்து அந்தப் பெட்டிக்குள்தான் சேர வேண்டும். பெட்டி வைக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். எனவே சேரை முடிவு செய்ததும், அந்த மாடலுக்கான தரை வரைபடத்தை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி, பிளம்பர் கையில் கொடுங்கள். வரைபடம் இல்லாமல் குழாய் பதித்தால், சேர் வந்து இறங்கிய அன்றே புது டைல்ஸை உடைக்க வேண்டிவரும். கழிவுநீர்க் குழாய்க்குப் போதிய சரிவு இல்லாவிட்டால் ரத்தமும் எச்சிலும் கலந்த நீர் தேங்கி, சில மாதங்களில் நாற்றம் எடுக்கும்.

வாடகைக் கட்டடம் என்றால் தரையை வெட்டவும் குழாய் பதிக்கவும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அங்கேயே எழுதிவிடுவது நல்லது. வீட்டு மின் இணைப்பில் கிளினிக் நடத்தக் கூடாது. வணிக இணைப்புக்கு மாற்ற வேண்டும். கம்ப்ரஸர், சக்ஷன், ஆட்டோகிளேவ், ஏ.சி. நான்கும் ஒரே நேரத்தில் ஓடும் என்று சொல்லி எலக்ட்ரீஷியனிடம் லோடு கணக்குக் கேளுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாத வகையாக இருக்க வேண்டும். எண்ணெய் வகையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு காற்றோடு பல்லில் படியும். பல் நிறத்தில் அடைக்கும் சிமெண்ட் அதன்மேல் ஒட்டாது. டேங்கில் சேரும் நீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரம் கம்ப்ரஸரை வைத்துச் சண்டை வளர்க்காதீர்கள். பழைய கிளினிக்கைப் புதுப்பிப்பவர்கள், சுவருக்குள் இருக்கும் துருப்பிடித்த இரும்புக் குழாயை அப்படியே விட்டு மேலே பெயின்ட் அடிக்க வேண்டாம். உள்ளே உதிரும் துரு புது ஹேண்ட்பீஸை அடைத்துவிடும்.

தண்ணீர்

நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை நேராகச் சேருக்குக் கொடுத்தால் வால்வுகள் உப்புப் படிந்து அடைபடும். அதைவிடப் பெரிய கவலை கிருமி. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸான ஏரோட்டருக்குப் போகும் மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் இரவு முழுக்கத் தேங்கி நிற்பதால், உட்சுவரில் பாசி போன்ற கிருமிப் படலம் வளரும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அனஹெய்ம் நகரில் 2016-ல், பல் வேர்ச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் பலருக்குத் தாடையில் கடும் தொற்று ஏற்பட்டதற்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் காரணமாக இருந்தது. சாதாரண சிகிச்சைக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 கிருமித் திரள்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் வரம்பு.

தனி பாட்டில் பொருத்தும் வசதியுள்ள சேரை வாங்குங்கள். அதில் சுத்திகரித்த நீரை ஊற்றி, தயாரிப்பாளர் சொல்லும் மருந்தால் குழாயைக் குறித்த இடைவெளியில் கழுவுங்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் இருபது, முப்பது விநாடி தண்ணீரை ஓடவிடுங்கள். ஈறைக் கிழித்துச் செய்யும் சிகிச்சைக்கு இந்தத் தண்ணீரும் கூடாது. கிருமி நீக்கிய சலைன் மட்டுமே. சின்ன பாட்டிலாக வாங்கி, ஒருவருக்குத் திறந்ததை அவரோடு முடித்துவிட வேண்டும்.

எத்தனை ஏரோட்டர் தேவை?

கொதிக்கவைப்பதும் நீல விளக்குப் பெட்டியில் வைப்பதும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் கருவியைக் கிருமி நீக்கியதாக ஆக்காது. ஆட்டோகிளேவ்தான் வழி. அதிலும் ஏரோட்டர் போன்ற உட்குழிவான கருவிகளுக்கு, உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றும் 'பி' வகை வேண்டும். சாதாரண பிரஷர் குக்கர் வகையில் குழாய்க்குள் காற்று சிக்கிக்கொள்ளும். ஆவி உள்ளே போகாது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இந்த இயந்திரமும் கெடும்; டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

சேரோடு ஒன்றோ இரண்டோ ஏரோட்டரைச் சேர்த்துத் தருவார்கள். அது போதுமா என்று மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணிவரை நடக்கும் கிளினிக்குக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்றால் பன்னிரண்டு பேர். கழுவி, உலர்த்தி, பவுச்சில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் சுற்று முடிந்து, ஆறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஏரோட்டர்களை ஆறு மணிக்குக் கழுவ எடுத்தால் ஏழே காலுக்குத்தான் கைக்கு வரும். அதற்குள் ஏழு பேர் சேரில் உட்கார்ந்திருப்பார்கள். ஆக, எல்லோருக்கும் ஏரோட்டர் தேவைப்படும் நாளில் குறைந்தது ஏழு வேண்டும். அடுத்த சுற்று தாமதமானால் சமாளிக்க எட்டாவதாக ஒன்று. இரண்டே ஏரோட்டரோடு உட்கார்ந்தால், நல்ல மனசுள்ள மருத்துவரும் 'துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடு' என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடுவார்.

ஆட்டோகிளேவ் ஓடியது என்பதற்கும் கிருமி செத்தது என்பதற்கும் இடைவெளி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் மாறும் பட்டையை வையுங்கள். வாரம் ஒருமுறை உயிரியல் சோதனைக் குப்பியை வைத்து, முடிவைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நாளை ஒரு புகார் வந்தால் உங்கள் பக்கம் நின்று பேசும் முதல் சாட்சி அந்த நோட்டுதான்.

உரிமங்கள்

தமிழ்நாட்டில் பல் கிளினிக்கும் 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். மாவட்ட அளவில் இதைக் கவனிப்பவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்.

எக்ஸ்-ரே கருவிக்கு, அது கையளவு பெட்டியாக இருந்தாலும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். வாரியத்தின் 'இ-லோரா' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே, அந்த மாடலுக்கு வாரியத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் நகல் கேளுங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் பெயர் தெரியாத கையடக்க எக்ஸ்-ரே கருவிகளில் கதிர்க்கசிவு இருந்தால், அது தினமும் பாய்வது அதைப் பிடித்திருக்கும் கையின் மீது. தாடை முழுவதையும் படமெடுக்கும் ஓ.பி.ஜி., சி.பி.சி.டி. கருவிகளை வைப்பதாக இருந்தால் அறையின் சுவரும் கதவும் வாரியத்தின் விதிப்படி இருக்க வேண்டும். கட்டடம் முடிந்தபிறகு யோசித்தால் செலவு இரட்டிப்பாகும். பழைய எக்ஸ்-ரே கருவியைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. அதைச் செயலிழக்கச் செய்து, வாரியத்துக்குத் தெரிவித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

மூன்றாவது குப்பை. 2016-ம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் தேவை. ரத்தம் தோய்ந்த பஞ்சும் திசுவும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் குழாய், கையுறை சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். ரத்தம் தோய்ந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்த நான்குக்கும் இடம் கிளினிக் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

பல் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதனாலேயே, கருவி வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெற முடியாது. அது முழுக்க உங்கள் செலவு. 'வரி தனி' என்ற சொல்லைக் கொட்டேஷனில் தேடிப் பார்த்து, வரியோடு சேர்த்த தொகையை ஒப்பிடுங்கள். வரி கட்டாமல் பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால், கருவி கெட்டுப்போகும் நாளில் வாங்கியதற்கே ஆதாரம் இருக்காது.

மருத்துவக் கருவிகள் 2017-ம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. லேபிளில் தயாரிப்பு உரிம எண்ணோ இறக்குமதி உரிம எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்காட்சியில் வைத்த டெமோ சேரைத் துடைத்துப் புதிதாக விற்பதும் நடக்கிறது. தயாரித்த ஆண்டையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லி, இறங்கிய அன்றே போட்டோ எடுங்கள்.

வாரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை? ஹேண்ட்பீஸ் கார்ட்ரிட்ஜ், பல்பு, ரப்பர் குழாய் போன்றவற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடுவார்கள். வாரண்டி முடிந்த பிறகு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமா (ஏ.எம்.சி.), முழுப் பராமரிப்பு ஒப்பந்தமா (சி.எம்.சி.) என்பதையும் முதலிலேயே பேசுங்கள். முன்னதில் உதிரிபாகத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பின்னதில் அதுவும் அடக்கம். புகார் கொடுத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும் என்பவை எழுத்தில் வேண்டும். பத்து சதவீதத் தொகையாவது சேரைப் பொருத்தி ஓட்டிக்காட்டிய பிறகே தருவதாகப் பேசிப் பாருங்கள். ஓடாத கருவிக்கு 'திருப்தி' என்று இன்ஸ்டாலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏமாற்றப்பட்டால்

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. இதைச் சொல்லித்தான் விற்பனையாளர்கள் மிரட்டுவார்கள். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் விளக்குகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே இந்த வேறுபாட்டை விரிவாக அலசியது. ஒற்றைச் சேரோடு தானே சிகிச்சை பார்க்கும் மருத்துவர் இந்த வாதத்தை வைக்கலாம். பல கிளைகளில் சம்பளத்துக்கு மருத்துவர்களை வைத்து நடத்துபவருக்கு இது பொருந்துவது கடினம். அவர் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

முதலில் குறையை மெயிலில் எழுதுங்கள். போனில் பேசியதையும் வாட்ஸ்அப்பில் ஒருவரி எழுதி உறுதி செய்யுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். 'அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்' என்று அவர்கள் இழுத்தடிக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கருவியால் யாருக்காவது காயமோ பாதிப்போ ஏற்பட்டால், மருத்துவக் கருவிகளுக்கான தேசியக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். உங்கள் ஒரு தகவல், அதே கருவியை வைத்திருக்கும் மற்ற மருத்துவர்களையும் காப்பாற்றும்.

நோயாளிகளுக்கு

சேரில் உட்கார்ந்ததும் 'கருவி இருக்கும் பவுச்சை என் முன்னால் பிரியுங்கள்' என்று கேட்பது உங்கள் உரிமை. புது சலைன் பாட்டிலா, புது ஊசியா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பில்லும் எக்ஸ்-ரே நகலும் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கிளினிக் சுகாதாரக்கேடாக இருந்தால் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

புதிதாகக் கிளினிக் திறக்கப்போகும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேருக்கு முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே 'பி' வகை ஆட்டோகிளேவ், எட்டு ஏரோட்டர், நல்ல தண்ணீர், மூன்று உரிமங்கள் ஆகியவற்றுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சப் பணத்துக்கு வரும் சேர் சாதாரணமானதாக இருந்தால் பரவாயில்லை. சாதாரணச் சேரில் உட்கார்ந்ததால் எந்த நோயாளியும் இறந்ததில்லை.