பன்னிரண்டு மணி நேரம் கேட்டவர் யார்?

செஞ்சித் தோழர்களுக்குக் கோட்டையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி - குன்றுகள் மூன்று. தனித்து நின்றவரை ஆடு மேயும் இடம்! நெடுமதில் ஒன்று மூன்றையும் பிணைத்தது, கோட்டையாயிற்று. 1690-ல் வந்து வளைத்துக்கொண்ட மொகலாயப் படை, உள்ளே நுழைய 1698 வரை காத்துக் கிடந்தது.

ஆலை அதிபர்கள் இந்த வித்தையை நன்கு அறிந்தவர்கள். சந்தையிலே ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்ப்பவர்கள்தாம். ஆனால் கூலி, வரி, வேலை நேரம் என்று பேச்சு எழட்டும் - மதில் எழும்பிவிடும்! சென்னை வர்த்தக சபை தோன்றியது 1836-ல். சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததோ 1918-ல். 82 ஆண்டுகள் முந்திக்கொண்டனர் முதலாளிமார்! அம்மட்டோ? அந்தச் சங்கத்தின் தலைவர்கள்மீது பின்னி நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. தாங்கள் கூடினால் சபை. தொழிலாளி கூடினால் சதி! 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகே அந்தத் தொல்லை ஓரளவு தீர்ந்தது.

பழங்கதை என்பீர். 2023-ல் நடந்தது பழங்கதையா?

அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று, நமது கழக ஆட்சியில், தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அன்று நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மிகுதி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. விரும்பும் ஆலைகளுக்கு இவ்வரம்புகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது திருத்தம். நாளைக்கு 12 மணி! கேட்டவர் யார்? ஒளிவுமறைவு இல்லை, மசோதாவின் நோக்க விளக்கமே கூறிற்று: தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் விண்ணப்பித்தன என்று. தொழிலாளி கேட்டதாக அதில் இல்லை.

மனுக் கொடுப்பது குற்றமா? இல்லை, அது எவருக்கும் உரிமை. அந்த மனுவுக்குப் பின்னே நிற்கும் மிரட்டலைத்தான் நாம் கவனிக்கிறோம். அவ்வாண்டு பிப்ரவரியில் கர்நாடகம் இதே சலுகையைத் தந்திருந்தது. ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் அங்கே அதற்காக முயன்றன என்று இலண்டன் ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதிற்று. பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்துவிட்டான், நீ கொடுக்காவிட்டால் ஆலை அங்கே போகும் - இந்த ஒரு வரிக்கு எந்த அரசும் அஞ்சும். விழுப்புரம் மாவட்டத்துக்கு ஆலை வேண்டாமா? வேண்டும், வேண்டும்! வேலை தேடும் பிள்ளை செஞ்சியில் தெருவுக்குத் தெரு உண்டு.

‘வாரத்துக்கு 48 மணிதான்; 4 நாள் உழைத்தால் 3 நாள் ஓய்வு; விரும்புவோர்க்கு மட்டும்’ என்று விளக்கம் தந்தனர். விரும்புவோராம்! செய்யாற்றுப் பக்கம் ஆலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்ணை எண்ணுங்கள். ஆலையிலே 12 மணி, போக ஒன்றரை, வர ஒன்றரை. மிச்சம் 9 மணி. அதிலே சமையல், பிள்ளை, உறக்கம். ஒப்பந்தக் கூலியாக நிற்பவள், மேலாளர் முகத்துக்கு எதிரே ‘விருப்பமில்லை’ என்பாளா? மறுநாள் வண்டியிலே இடம் இருக்குமா?

தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் மே தினப் பூங்காவில், திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றி அன்றைக்குச் சரியாக 100 ஆண்டு! 1969-ல் மே தினத்துக்குச் சம்பளத்துடன் விடுமுறை தந்த கலைஞரின் கழகம், அந்நாளில் வேறு அறிவிப்புச் செய்திருக்கவும் முடியாது.

‘நம் ஆட்சியாயிற்றே’ என்று தொழிற்சங்கத் தோழர்கள் அந்த மூன்று நாள் வாய்மூடி இருந்திருந்தால்? கேள்வி கசக்கும், கேட்கத்தான் வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய தொகுப்புச் சட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. அதிபர்களின் சபைகள் கலைந்துவிடவில்லை. விடியற்காலையில் ஆலை வண்டி ஏறும் பிள்ளைகளில் சங்கச் சீட்டு வைத்திருப்போர் எத்தனை பேர் என்று, செஞ்சிக் கிளைத் தோழர்கள் இந்த வாரமே கணக்கெடுக்கட்டும்.