செப்புக் கம்பியும் சிறு மரமும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பிள்ளைகளைப் பற்றிய அளவில் இஃது எத்துணை உண்மை என்பதை ஆசிரியர்களே முடிவு செய்க. மரங்களைப் பற்றிய அளவில், ஜப்பான் நாட்டுத் தோட்டக் கலைஞர் இதனை முழுதும் ஒப்புக்கொள்ளார். ஐம்பது ஆண்டு நிரம்பிய பைன் மரத்தின் கிளையையும் அவர் வளைக்கின்றார். வளைந்த கிளை வளைந்தபடியே நிலைத்து, மேலும் பல்லாண்டு தழைக்கின்றது. இதற்கு அவர் கையாளும் கருவியோ, எழுதுகோலினும் மெல்லிய செப்புக் கம்பியே. அக்கம்பியைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு, சுற்றுவது எவ்வாறு, எல்லாவற்றிற்கும் மேலாக அதனை அகற்றும் காலம் யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

பொன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டத்தில் நட்டு வளர்ப்பது என்பது பொருள். இக்கலை சீன தேசத்தில் தோன்றி, ஜப்பானில் தனி வடிவம் பெற்றது. தட்டத்தில் நிற்கும் மரம் குள்ளமான ஒரு தனிச் சாதி என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. அதே மரத்தின் விதையை நிலத்தில் ஊன்றினால் அது மற்றவற்றைப் போலவே ஓங்கி வளரும். சிறு தட்டத்தில் அடங்கிய வேரும், காலந்தோறும் செய்யப்படும் கத்தரிப்புமே அதனைச் சிறிதாக வைத்திருக்கின்றன. 1923-ஆம் ஆண்டு நேர்ந்த பெரும் பூகம்பத்திற்குப் பின்னர், டோக்கியோ நகரத்துப் பொன்சாய்த் தோட்டக்காரர் சிலர் நகரை விட்டு நீங்கி, 1925-இல் ஓமியா என்னும் இடத்தில் தமக்கென ஒரு சிற்றூர் அமைத்துக்கொண்டனர். அவ்வூர் இன்றும் இக்கலைக்குப் பேர்போனது.

இம்மரங்கள் மனிதர் ஆயுளையும் கடந்து வாழ்வன. அமெரிக்க நாட்டு வாஷிங்டன் நகரில் உள்ள தேசிய மரத் தோட்டத்தில் ஒரு வெள்ளைப் பைன் உளது. 1625-ஆம் ஆண்டு முதல் அது தட்டத்தில் பயிற்றப்பட்டு வருகின்றது. 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தபோது, அம்மரம் அந்நகரத்து யமாகி என்னும் குடும்பத்தார் தோட்டத்தில் இருந்து உயிர் தப்பியது. 1976-இல் அவர்கள் அதனை அமெரிக்க மக்களுக்கு நன்கொடையாக ஈந்தனர். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்னும் செய்தியோ, 2001-இல் அக்குடும்பத்துப் பேரர் அங்குச் சென்று பார்த்தபோதுதான் தோட்டத்தார்க்குத் தெரிய வந்தது. இத்தகைய மரத்தின் கிளையைக் கையிற் பிடிப்பவர், தமக்கு முன் பல தலைமுறையினர் பிடித்த கிளையையே பிடிக்கின்றார். ஒரு நொடிப்பொழுதின் கவனக்குறைவு அவர்கள் உழைப்பையெல்லாம் முறித்துவிடும். ஆதலின், கம்பி கட்டுதல் சிறு தொழிலாகத் தோன்றினும் பொறுப்பிற் சிறியதன்று.

கிளையை வளைப்பது எதன்பொருட்டு என்று சிலர் வினவலாம். இளமரத்தின் கிளைகள் பெரும்பாலும் ஒளியை நாடி மேல் நோக்கும். மலைமேல் நிற்கும் முதிய பைன் மரத்தின் கிளைகளோ, தம் பாரத்தாலும் ஆண்டுதோறும் படியும் பனியின் பாரத்தாலும் கீழ் நோக்கித் தாழும். அம்முதுமைத் தோற்றத்தை இளமரத்திற்கு அளிப்பதே கலைஞரின் கருத்து. பண்டு இதற்குக் கயிறும் நாரும் பயன்பட்டன. சீன தேசத்து யாங்ஜோ நகரத்தார் ஒருவகைப் பனைநாரால் கிளைகளைக் கட்டி வளைத்தனர். தென்சீனத்தில் லிங்னான் முறையினரோ கட்டுதலை நீக்கி, வெட்டியும் வளரவிட்டும் உருவமைத்தனர். கயிறு கிளையை ஒரு பக்கம் இழுக்க மட்டும் வல்லது. கம்பியோ கிளையின் நீளம் முழுதும் உடன் சென்று, வேண்டும் இடத்திலெல்லாம் நெளிவு தர வல்லது. அதனாலேயே பின்னாளில் கம்பி முதலிடம் பெற்றது.

இனி, உலோகங்கள் பலவற்றுள் செம்பை நாடுவது ஏன் என்பதைப் பார்ப்போம். இரும்புக் கம்பி விறைப்பானது. துருப்பிடித்துப் பட்டையைக் கறைப்படுத்தும். அலுமினியக் கம்பி மிக மென்மையானது. புதிதாகப் பயில்வோர்க்கும், மேப்பிள் முதலிய மெல்லிய பட்டையுடைய இலையுதிர் மரங்களுக்கும் ஏற்றது. ஆயினும் அதன் பிடிவலிமை குறைவு; ஆதலால் ஒரே கிளைக்குச் செம்பினும் பருத்த கம்பி வேண்டும். பைன், ஜூனிப்பர் முதலியவற்றின் கிளைகள் வில்போல் மீளுந்தன்மை உடையன. அவற்றைப் பிடித்து நிறுத்தச் செம்பே வேண்டும். மேலும், செம்பு சில வாரங்களில் ஒளி மங்கிப் பழுப்பு நிறமடைந்து, மரப்பட்டையோடு ஒன்றித் தோன்றும், கண்ணை உறுத்தாது.

செம்பின் தலையாய குணம் வேறொன்று. காய்ச்சிய செம்பு மெழுகுபோல் இளகி வளையும்; வளைய வளையக் கெட்டிப்படும். இதனை நம் ஊர்க் கன்னார் நன்கு அறிவர். செப்புத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யும்போது, தட்டத் தட்டத் தகடு விறைக்கின்றது. பின்னும் தட்டினால் வெடிக்கும். ஆகவே அவர்கள் இடையிடையே அதனை நெருப்பிலிட்டு இளக்கிக்கொள்கின்றனர். உலோகத்தினுள் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வளைக்கும்போது அவ்வடுக்குகள் ஒன்றின்மேலொன்று வழுக்குகின்றன. வழுக்குந்தோறும் உள்ளே சிக்கல்கள் பெருகி, மேலும் வழுக்குதல் அரிதாகின்றது. வெப்பம் அச்சிக்கல்களை நீக்கி, அணுக்களைப் புதிதாக அடுக்குகின்றது. கிளையைச் சுற்றும்போது இளகியும், சுற்றி முடித்தபின் விறைத்தும் நிற்பது செம்பு. கலைஞர்க்கு வேண்டுவதும் இதுவே.

கடையில் வாங்கும் மின்சாரக் கம்பி பெரும்பாலும் இவ்வேலைக்கு வேண்டிய அளவு இளகியதன்று. அதனைப் பயன்படுத்த விரும்புவோர், பல இழைகளை முறுக்கியதை விடுத்து, ஒற்றை இழையால் ஆனதையே தேர்க. மேலுறையை முதலில் உரித்துவிடல் வேண்டும். உறையோடு தீயிலிட்டால் நச்சுப் புகை எழும். பின்னர்க் கம்பியைத் தளர்ந்த வளையமாகச் சுருட்டித் தீயிலிடுக. ஜப்பானியர் இதற்கு வைக்கோல் தீயை விரும்புவர். அதன் வெப்பம் மிகையாகாது. கம்பி மங்கிய செந்நிறம் அடைந்தவுடன் எடுத்துவிடல் வேண்டும். பட்டப்பகலில் இந்நிறம் கண்ணுக்குப் புலப்படாது; அந்திப்பொழுதே ஏற்றது. செம்பு 1085 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். அதனை நெருங்கவிடின் கம்பி கெடும். எஃகைச் செந்தழலாக்கி நீரில் தோய்த்தால் கடினமாகும். செம்பு அவ்வாறன்று, நீரில் தோய்த்தாலும் தானே ஆறவிட்டாலும் இளகியே இருக்கும். காய்ச்சிய கம்பியைக் கையால் நெளித்து விளையாடுதல் கூடாது. ஒவ்வொரு நெளிப்பும் அதன் இளக்கத்தைச் செலவிடும். மரத்தைச் சேருமுன்னரே கம்பி விறைத்துவிடும்.

அடுத்தது கம்பியின் பருமன். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொது விதி. செம்பாயின் அதனினும் சிறிது மெல்லியதே போதும். ஆங்கிலேயர் வகுத்த கேஜ் கணக்கில் எண் ஏற ஏறக் கம்பி மெல்லிதாகும் என்பதை நினைவிற் கொள்க: 8-ஆம் கேஜ் சுமார் 4 மில்லிமீட்டர், 14-ஆம் கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர், 19-ஆம் கேஜ் சுமார் 1 மில்லிமீட்டர். விதியைவிடச் சோதனை மேலானது. கம்பியின் நுனியைக் கிளையின்மீது வைத்து மெல்ல அழுத்துக. கிளை வளைந்தால் கம்பி போதும். கம்பி வளைந்தால் போதாது. நீளம் கிளையைவிட மூன்றில் ஒரு பங்கேனும் கூடுதலாக இருத்தல் வேண்டும்.

கம்பி கட்டுவதற்கு முதல்நாள் நீரைக் குறைத்தால் கிளை சற்றே துவண்டு எளிதில் வளையும். அடிமரம் முதல் நுனி நோக்கியும், பருத்த கம்பி முதல் மெல்லிய கம்பி நோக்கியும் செல்வதே முறை. அருகருகே உள்ள இரு கிளைகளை ஒரே கம்பியால் கட்டுதல் நன்று: கம்பியின் நடுப்பகுதி அடிமரத்தை ஒரு சுற்றேனும் பற்றி நிற்க, இருமுனைகளும் இரு கிளைகளுக்குச் செல்லும். ஊன்றுகோள் இல்லாத கம்பி, நூல் போன்றதே. எத்துணைப் பருமனாயினும் கிளையைப் பிடிக்காது. சுற்றுகள் சுமார் 45 பாகைச் சாய்வில், ஒரே இடைவெளியில் அமைய வேண்டும். நெருக்கமாகச் சுற்றினால் கம்பி சுருள்வில்லாகித் துவளும். மிக அகலச் சுற்றினால் பிடி குறையும். கம்பி பட்டையைத் தொட்டு நிற்க வேண்டுமேயன்றி அழுத்தலாகாது. ஒரு கம்பி மற்றொன்றின்மீது ஏறிக் குறுக்கிடலாகாது. குறுக்கிட்ட இடத்திற் பட்டை நசுங்கும். இலையோ அரும்போ கம்பியின் அடியிற் சிக்காதவாறு பார்த்துக்கொள்க.

இப்பொழுதே வளைக்கும் நேரம் வருகின்றது. வளைவின் வெளிப்புறத்தில் கம்பியின் சுற்று ஒன்று அமைந்திருத்தல் வேண்டும். வளையும் கிளையின் வெளிப்புற நார்களே இழுபட்டு முறிவன. ஆங்குக் கம்பி தாங்குகோலாய் நிற்கும். கிளையை வலப்புறம் திருக வேண்டுமாயின் கம்பியையும் அத்திசையிலேயே சுற்றுக. எதிர்த்திசையிற் சுற்றினால் திருகுந்தோறும் கம்பி நெகிழும். இரு கைகளின் பெருவிரல்களையும் உட்புறத்தில் ஊன்றி, சிறிது சிறிதாக வளைத்தல் வேண்டும். மெல்லிய முறிவோசை கேட்டவுடன் நிறுத்துக. அவ்வோசை கிளை தன் எல்லையைக் கூறும் மொழியாகும். மிகப் பருத்த கிளையாயின், நனைத்த ராபியா நாரை முதலிற் சுற்றி, அதன்மீது கம்பி கட்டி, பல மாதங்களாகப் பகுத்து வளைப்பர்.

வளைந்த கிளை நிலைப்பது எதனால்? கம்பி அதனைப் பிடித்து மட்டுமே வைக்கின்றது. நிலைக்கச் செய்வது மரமே. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. அஃது ஆண்டுதோறும் உட்புறம் புதிய கட்டையையும் வெளிப்புறம் புதிய பட்டையையும் உண்டாக்குகின்றது. வளைந்த நிலையில் விளையும் புதிய கட்டை, அவ்வளைவையே தன் இயல்பாகக் கொள்கின்றது. ஆகவே வேகமாக வளரும் மரத்தின் கிளை விரைவில் நிலைக்கும்; மெல்ல வளரும் பைன் கிளைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும்.

ஆனால் அவ்வளர்ச்சியே ஆபத்துமாகும். கிளை பருக்கின்றது, கம்பியோ பருப்பதில்லை. உரிய காலத்தில் அகற்றாவிடின் கம்பி பட்டையினுட் புதைந்து, இலைகள் ஆக்கிய உணவு வேர்நோக்கி இறங்கும் வழியை நெருக்கும். இதனை யாம் நூல்களிற் படித்திருந்தும் அனுபவத்தாலேயே கற்றோம். ஓர் ஆலங்கன்றைத் தட்டத்தில் வளர்த்து, அதன் கிளைக்குச் செப்புக் கம்பி கட்டியிருந்தோம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புமுன் நல்ல மழை பெய்து, கன்று தழைத்துவிட்டது. வந்து பார்த்தபோது கம்பி பாதியளவு பட்டையினுள் மறைந்திருந்தது. செம்பின் விலையை எண்ணி, அதனை வெட்டி வீணாக்க மனமின்றி, சுற்றிய வழியே பிரித்தெடுக்க முயன்றோம். பட்டை கம்பியோடு உரிந்தது; கிளையும் கணுவில் முறிந்தது. கையில் எஞ்சியது ஒரு முழம் கம்பி. அக்கன்றின் உடம்பில் அவ்வடு இன்றும் உளது. யாமும் அதனை மறைக்க முயன்றிலோம்.

ஆதலின் அன்பர்கள் இதனை உறுதியாகக் கொள்க. கம்பி கட்டிய மரத்தை, வளரும் பருவத்தில் வாரந்தோறும் உற்றுநோக்க வேண்டும். பட்டை கம்பியின் இருமருங்கும் மேலெழத் தொடங்கின், கிளை நிலைத்ததோ இல்லையோ, கம்பியை அகற்றுக. நிலைக்கவில்லையெனில் வேறிடத்திற் சுற்றி மீண்டும் கட்டலாம். பட்டையின் வடுவை மீண்டும் அழித்தல் அரிது. அகற்றும்போது வெட்டுக்குறட்டால் சுற்றுதோறும் துண்டித்தெடுக்க வேண்டுமேயன்றிப் பிரித்தல் ஆகாது. பல மாதம் நின்ற செம்பு விறைத்துப்போயிருக்கும். பிரிக்கும் விசை முழுதும் கிளையின்மீதே பாயும். வெட்டிய துண்டுகள் பழைய செம்பாய் விலைபோகும். முறிந்த கிளை எவ்விலைக்கும் போகாது.

ஐம்பதிலும் வளையும் என்று தொடக்கத்திற் கூறினோம். வளைவது வலிமையாலன்று, தீயிற் பதப்பட்ட கம்பியாலும், எல்லையறிந்து நிறுத்தும் விரலாலும், நாள்தோறும் பார்க்கும் கண்ணாலும் வளையும். காட்சியில் வைக்கும் சிறந்த மரத்தில் பெரும்பாலும் கம்பி காணப்படாது. கம்பி இருந்தது என்னும் அடையாளமும் இராது. கிளை மட்டும், தன் இயல்பாலேயே அவ்வாறு வளர்ந்ததுபோல் அமைதியாய் நிற்கும். அவ்வாறு தோன்றச் செய்வதே கம்பி கட்டியவர் கைத்திறனுக்குச் சான்று.