பாதியில் நிறுத்தப்பட்ட மருந்து ஆய்வு

மாணவர்களே, கேமரன் மலையில் ஒரு தேயிலை மலையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்துக் கொழுந்தை எடை போட்டால் எது சிறந்த உரம் என்று தெரிந்துவிடும். மட்டமான உரம் போட்ட பகுதியில் கொழுந்து குறையும், அவ்வளவுதான் நட்டம்.

மருந்துகளையும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அங்கே இருப்பவர்கள் மனிதர்கள். பலன் தராத மருந்து கிடைத்தவரின் கதி என்ன?

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜொகூரின் மூவார் நகரில், ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட வந்த 126 பேரிடம் மலேசிய மருத்துவர்களும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஓர் ஆய்வு நடத்தினர். குலுக்கல் முறையில் 44 பேருக்குப் புப்ரெனோர்பின், 43 பேருக்கு நால்ட்ரெக்சோன், 39 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை அளிப்பவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சிகிச்சைக் காலம் 24 வாரம். ஹெராயினைத் தொட்டார்களா என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டியது.

ஆள் சேர்க்கத் தொடங்கி 22 மாதமானபோது, பாதுகாப்புக்காக இடையில் கணக்குப் பார்த்தார்கள். புப்ரெனோர்பின் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் ஹெராயினைத் தொடாமல் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆய்வு உடனே நிறுத்தப்பட்டது. போலி மாத்திரைக்கு இன்னும் பலரைச் சேர்ப்பது நியாயமில்லை அல்லவா? இதன் முடிவுகள் 2008-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயின.

இப்படி, கிடைக்கும் தகவலைப் பார்த்து நடுவிலேயே போக்கை மாற்றிக்கொள்ள இடம் தரும் திட்டமே ‘தகவமைவு ஆய்வு வடிவமைப்பு’. இடையில் நிறுத்துவது அதன் எளிய வகை. இன்னொரு வகையில், முதல் சில வாரங்களில் குணம் தெரியாதவர்களை மீண்டும் குலுக்கிப் போட்டு அடுத்த சிகிச்சைக்கு அனுப்புவார்கள். மதுப் பழக்கத்துக்கான ஆய்வுகளில் இம்முறை பயன்பட்டுள்ளது.

அப்படியானால் தினமும் எட்டிப் பார்க்கலாமா? கூடாது. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். ஏழு அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடு. அதனால் நாணயம் கோளாறானது என்று சொல்லிவிட முடியுமா? 100 முறை சுண்டி 70 தலை விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தொடக்க முடிவுகள் இப்படித்தான் ஏமாற்றும். பலனே இல்லாத மருந்தைப் பலனுள்ளது என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு ஒருமுறை பார்த்தால் 5 விழுக்காடு என்று கொள்வோம். அதே அளவுகோலுடன் ஐந்து முறை பார்த்தால் அது ஏறக்குறைய 14 விழுக்காடாக உயரும்.

ஆகவே எப்போது பார்ப்பது, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நிறுத்துவது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்கிறார்கள். பாதியில் பார்க்கும்போது அளவுகோலையும் கடுமையாக்குகிறார்கள். ஆய்வில் நேரடியாக ஈடுபடாத நிபுணர் குழுவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பது வழக்கம்.

நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஆளுக்கு 10 முறை நாணயம் சுண்டிப் பாருங்கள். யாருக்காவது ஏழு தலை விழுந்ததா? பிறகு ஐவரின் கணக்கையும் கூட்டிப் பாருங்கள்.